லீஸா, லைசென்ஸா: குன்னூரில் ஒரு வர்க்கி அடுப்பு போன கதை

நீலகிரியில் கடைக்கோ சமையல்கூடத்துக்கோ இடம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இரண்டு ஆங்கில வார்த்தைகளுக்கு நடுவில் எனக்குப் போனது நாலரை லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கடை மூடிக் கிடந்த மாதங்களின் வருமானத்தையும் தூக்கம் போன ராத்திரிகளையும் அதில் சேர்க்கவில்லை. அந்த வார்த்தைகள் லீஸ், லைசென்ஸ். இரண்டையும் நாம் தினமும் புழங்குகிறோம், சிக்கலே அதுதான். நம் பக்கம் லீஸ் என்றால் பெருந்தொகை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது, அதாவது ஒத்தி. லைசென்ஸ் என்றால் வண்டி ஓட்ட ஆர்டிஓ கொடுப்பது, கடை நடத்த நகராட்சி கொடுப்பது. வாடகைப் பத்திரத்தில் இந்த இரண்டு வார்த்தைகளும் வரும்போது இந்த அர்த்தம் எதுவும் செல்லாது.

நான் வர்க்கி போடுகிறவள், மடிப்பு மடிப்பாக மொறுமொறுவென்று இருக்கும் ஊட்டி பிஸ்கட் அது. பல வருஷம் சொந்த இடம் இல்லாமல், தெரிந்த ஒருவருடைய பேக்கரியில் அவர்கள் வேலை முடிந்த பிறகு ராத்திரியில் அடுப்பை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். 2023-ல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் ஆர்டர் கூடியது. இரவல் அடுப்பில் இனி தாங்காது என்று இடம் தேட ஆரம்பித்தேன். மலையில் இடம் தேடுவது சமவெளி மாதிரி இல்லை. இங்கே புதிதாக ஒரு ஷெட் போடுவதற்கும் அனுமதிக் கட்டுப்பாடுகள் அதிகம். அதனால் எல்லாரும் ஏற்கெனவே இருக்கிற பழைய கட்டடங்களைத்தான் சுற்றிச் சுற்றி வருவோம். கடைசியில் மேல் குன்னூர்ப் பக்கம் ஒரு பழைய பங்களாவின் அவுட்ஹவுஸ் அமைந்தது. இரண்டு அறை, ரோட்டுப் பக்கம் தனி கேட், தண்ணீருக்குக் கஷ்டமில்லை. சொந்தக்காரர் மும்பையில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்தான் பேசி முடித்தார். "மூணு வருஷ லீஸுங்க அக்கா, மாசம் பதினெட்டாயிரம், அட்வான்ஸ் ஒண்ணரை லட்சம். ஐயா நல்ல மனுஷன், உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது." போனில் ஐயாவும் லீஸ் என்றுதான் சொன்னார். 2024 தொடக்கத்தில் பேச்சு முடிந்தது.

காகிதம் மும்பையிலிருந்து மெயிலில் வந்தது. தலைப்பு, லீவ் அண்ட் லைசென்ஸ் அக்ரிமெண்ட். அந்த மாதம் முழுக்க நான் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கும் நகராட்சித் தொழில் உரிமத்துக்கும் அலைந்துகொண்டிருந்தேன். அதனால் லைசென்ஸ் என்று பார்த்ததும், நடத்தப் போகிற தொழிலுக்குச் சொந்தக்காரரின் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். லீவ் என்பது காலி செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய விதி என்று நினைத்தேன். உண்மையில் அந்த இடத்தில் லீவ் என்றாலும் அனுமதிதான், லைசென்ஸ் என்றாலும் அனுமதிதான். வங்கியில் வேலை பார்க்கும் உறவுக்காரர் ஒருவரிடம் காட்டினேன். "எல்லாரும் இதே ஃபார்மட்தான் போடறாங்க" என்றார். 100 ரூபாய் முத்திரைத் தாளில் பிரிண்ட் எடுத்து, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு வேலை முடிந்தது.

அந்த ஃபார்மட் எங்கிருந்து வந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. மும்பையில் வீடு வாடகைக்கு விடுவது என்றாலே பெரும்பாலும் லீவ் அண்ட் லைசென்ஸ்தான். 1947-ல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம் வாடகைதாரருக்கு அவ்வளவு பாதுகாப்புக் கொடுத்தது. குடி வைத்தால் எழுப்ப முடியாது என்று பயந்த சொந்தக்காரர்கள் வாடகை என்ற சொல்லையே காகிதத்திலிருந்து எடுத்துவிட்டு லைசென்ஸ் என்று எழுத ஆரம்பித்தார்கள். அது எவ்வளவு தூரம் போனது என்றால், 1973 பிப்ரவரி 1 அன்று அப்படி லைசென்ஸில் இருந்தவர்களையெல்லாம் வாடகைதாரராகவே கருத வேண்டும் என்று சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது. இன்றைக்கும் மகாராஷ்டிரத்தில் லீவ் அண்ட் லைசென்ஸ் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். மும்பைக்காரருக்கு அது பழகிய காகிதம். என்னை ஏமாற்ற வேண்டும் என்று அவர் அதை அனுப்பவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் காகிதம் யாரைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்ததோ அவரைத்தான் கடைசிவரை காப்பாற்றியது.

அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், போன பணத்தில் பெரும்பங்கு அதில்தான் கிடக்கிறது. வர்க்கிக்கு விறகு அடுப்பு வேண்டும் என்பது என் பிடிவாதம். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மேஸ்திரியை வரவழைத்தேன். பழைய முறைப்படி அடுப்பின் தளத்துக்கு அடியில் மணல், உப்பு, உடைந்த கண்ணாடித் துண்டு எல்லாம் போட்டு நிரப்பி, அதன்மேல் செங்கல் பாவினார். சூடு இறங்காமல் நிற்பதற்காக அது. மேலே வளைவு கட்டி முடிந்தும் உடனே பெரிய தீ வைக்கக்கூடாது. ஈரம் வெளியேறும்வரை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுள்ளி எரித்துக்கொண்டே இருக்க வேண்டும், அவசரப்பட்டால் வளைவு வெடித்துவிடும். எங்கள் குளிரில் அதற்கே வாரக்கணக்கில் ஆகும். இப்படி ஒன்றை ஒரு இடத்தில் கட்டிவிட்டால் பெயர்த்து எடுத்துப் போக முடியாது, இடிக்கத்தான் முடியும். அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் இரண்டு லட்சத்து 60 ஆயிரம். தரைக்கு டைல்ஸ், சிங்க், கழிவுநீர்க் குழாய் 90 ஆயிரம். மூணு ஃபேஸ் வயரிங் 45 ஆயிரம். சுவரை உடைப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் கேட்டேன். "பண்ணுங்க அக்கா, ஐயாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். சொல்லியும் இருக்கிறார். ஐயா வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கி ஒரு படம் போட்டார், அவ்வளவுதான்.

கடை திறந்து சில வாரத்தில், 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற முன் அனுமதி கட்டாயமாகிவிட்டது. அந்த சீசன் மந்தம். ஆனாலும் வர்க்கி வெளியூர் போகிற சரக்கு, கூரியரில் ஓடியது. அடுத்த சீசன் சூடுபிடித்தபோது ஒருநாள் பார்த்துக்கொள்ளும் அண்ணன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். ஐயா பங்களாவை விற்றுவிட்டார், வாங்கியவர் அவுட்ஹவுஸை இடித்து வண்டி நிறுத்தப் போகிறாராம். கொஞ்ச நாளில் வக்கீல் நோட்டீஸும் வந்தது. லைசென்ஸ் ரத்து செய்யப்பட்டுவிட்டது, 30 நாளில் வெளியேறவும். மூன்று வருஷத்தில் பாதிகூட முடியவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம், அப்புறம் அலட்சியம். மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்ட காகிதம் கையில் இருக்கிறது, யார் வாங்கினால் எனக்கென்ன என்று நினைத்தேன். வாடகைக்கு இருக்கும் பலரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன், அந்தத் தைரியம் எல்லாக் காகிதத்துக்கும் பொருந்தாது.

குன்னூரில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். காகிதத்தின் தலைப்பைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தில் பதிவு முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். "இடம் உங்ககிட்ட இருக்குன்னு நினைச்சீங்களா? இதுல உங்களுக்கு இடத்தையே குடுக்கலைம்மா. இடத்துல வந்து வேலை செய்ய விட்டிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். லீஸ் என்பது சொத்தில் ஒரு பங்கு உரிமை கைமாறுவது. குறிப்பிட்ட காலத்துக்கு அந்த இடத்தை அனுபவிக்கும் உரிமை சொந்தக்காரரிடமிருந்து பிரிந்து உங்களிடம் வந்துவிடுகிறது. அந்தக் காலத்துக்குள் சொந்தக்காரரே நுழைவதென்றாலும் உங்களைக் கேட்க வேண்டும். இது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 105-வது பிரிவு. லைசென்ஸ் என்பது வெறும் அனுமதி. அந்த அனுமதி இல்லாவிட்டால் நீங்கள் அங்கே காலை வைப்பதே அத்துமீறல். அனுமதி இருப்பதால் அத்துமீறல் இல்லை. சொத்தில் உங்களுக்கு எந்த உரிமையும் பிறப்பதில்லை. இது அதே 1882-ன் வசதியுரிமைச் சட்டம், 52-வது பிரிவு. முன்னது அந்த வருஷத்தின் 4-வது சட்டம், பின்னது 5-வது. இரண்டும் அமலுக்கு வந்ததும் ஒரே நாளில், ஜூலை 1. இரண்டாவது சட்டம் முதலில் பொருந்திய இடங்களில் நம் சென்னை மாகாணம் ஒன்று, பம்பாய்க்கு அது 1891-ல்தான் போனது. ஆனாலும் இந்த லைசென்ஸ் காகிதத்தை நன்றாகப் பழகிக்கொண்டது அவர்கள்தான்.

விற்றுவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். லீஸ் இருக்கும் சொத்தை வாங்குபவர் லீஸோடு சேர்த்துத்தான் வாங்குகிறார், பழைய சொந்தக்காரரின் பொறுப்புகள் அவர் தலையில் ஏறும். லைசென்ஸ் அப்படி இல்லை. சொந்தக்காரர் சொத்தைக் கைமாற்றினால், வாங்கியவரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது. வசதியுரிமைச் சட்டத்தின் 59-வது பிரிவு அதை நேராகவே சொல்கிறது. நான் வாட்ஸ்அப் செய்திகளையெல்லாம் காட்டிக் காட்டிப் பேசினேன். அந்த அம்மா குறுக்கிட்டு, 1845-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னார். வுட் என்று ஒருவர், டான்காஸ்டர் குதிரைப் பந்தயத்துக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உள்ளே போயிருக்கிறார். நடத்தியவர்கள் நடுவில் வெளியே போகச் சொன்னார்கள். போகவில்லை, லெட்பிட்டர் என்பவர் பிடித்து வெளியேற்றினார். வுட் வழக்குப் போட்டார், தோற்றார். டிக்கெட் என்பது வெறும் அனுமதி, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றது கோர்ட். ஊட்டி பந்தய மைதானத்தை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகப் புரியும். அங்கே பந்தயம் நடத்தியவர்களுக்கு அந்த நிலம் அரசிடமிருந்து கிடைத்தது குத்தகையில், அதாவது லீஸில். பந்தயம் பார்க்க டிக்கெட் எடுத்து கேலரியில் உட்கார்ந்தவருக்கு இருந்தது லைசென்ஸ். ஒரே புல்வெளியில் இரண்டு வார்த்தையும் இருந்திருக்கின்றன. லீஸும் சாசுவதமில்லை என்பது வேறு கதை, 2024-ல் அந்த 52 ஏக்கரையும் அரசு எடுத்துக்கொண்டது.

எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து கோர்ட் முடிவு செய்யாது. 1959-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. டெல்லி இம்பீரியல் ஹோட்டலுக்குள் சில அறைகளை எடுத்து முடிதிருத்தும் நிலையம் நடத்தியவர் சம்பந்தப்பட்டது. காகிதம் தன்னை லைசென்ஸ் என்றே சொல்லிக்கொண்டது. ஆனால் அறைகள் முழுக்க அவர் வசம்தான் இருந்தன, அதனால் அது லீஸ்தான் என்று தீர்ப்பு வந்தது. காகிதம் என்ன பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது என்பதைவிட, இரண்டு பேரும் உண்மையில் என்ன ஏற்பாடு செய்துகொண்டார்கள், பூட்டும் சாவியும் யார் கையில், வேறு யாரும் நுழைய முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். என் விஷயத்திலும் சாவி என்னிடம்தான் இருந்தது. பார்த்துக்கொள்ளும் அண்ணன்கூடக் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார். அப்படியானால் ஜெயித்துவிடலாமா என்று கேட்டேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு வந்ததை மறைத்தது தெரிந்தது. "ஜெயிச்சா லீஸ்னு ஆகும். மூணு வருஷ லீஸை எங்க பதிவு பண்ணீங்க?" ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸ் பதிவு செய்த பத்திரம் மூலம்தான் செல்லும். பதிவு இல்லை என்றால் மூன்று வருஷம் என்ற வரியைக் காட்டி உரிமை கேட்க முடியாது. மாதா மாதம் ஓடுகிற வாடகை என்ற கணக்கில் விழும், அதற்கு 15 நாள் நோட்டீஸ் போதும். என் கையில் இருந்த லைசென்ஸ் நோட்டீஸோ 30 நாள் கொடுத்திருந்தது! இது தவிர, 100 ரூபாய்த் தாளில் எழுதிய காகிதத்தை லீஸ் என்று கோர்ட்டில் வைத்தால், குறைவாகக் கட்டிய முத்திரைத் தீர்வையின் மீதியையும் அபராதத்தையும் கட்டினால்தான் அதைப் பார்க்கவே செய்வார்கள். அபராதம் குறைந்த தொகையின் பத்து மடங்கு வரை போகலாம். லைசென்ஸ் என்றால் ஒரு பக்கம் அடி, லீஸ் என்றால் மறுபக்கம் அடி. அன்றைக்கு வெலிங்டன் வரை நடந்தே போனேன், எதற்கு என்று தெரியவில்லை. பஸ் ஏற வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

அடுப்பை வைத்து ஒரு வாதம் இருந்தது. லைசென்ஸை நம்பி ஒருவர் செலவு செய்து நிரந்தரமான வேலை ஏதாவது கட்டியிருந்தால், அனுமதி கொடுத்தவர் அதைத் திரும்பப் பெற முடியாது என்று அதே வசதியுரிமைச் சட்டத்தின் 60-வது பிரிவு சொல்கிறது. மணலும் உப்பும் கண்ணாடியும் போட்டுக் கட்டிய அடுப்பைவிட நிரந்தரம் என்ன இருக்கிறது? ஆனால் என் காகிதத்தில் ஒன்பதாவது ஷரத்து, எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் நிரந்தர வேலை எதுவும் செய்யக்கூடாது, செய்தாலும் அதற்கு ஈடு கேட்கக்கூடாது என்றது. சட்டம் கொடுக்கிற இந்தப் பாதுகாப்பை ஒப்பந்தத்தால் விட்டுக்கொடுக்க முடியும். வாட்ஸ்அப் கட்டைவிரல் எழுத்துமூலச் சம்மதமா என்று வருஷக்கணக்கில் வாதாடலாம். அத்தனை வருஷம் மாவு பிசையாமல் கோர்ட் வாசலில் நின்றால் என் தொழில் என்ன ஆகும்? வேறொரு பிரிவு, காலம் முடிவதற்குள் வெளியேற்றப்பட்டால் அனுமதி கொடுத்தவரிடம் நஷ்டஈடு கேட்கலாம் என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு சமரசத்துக்குப் போகலாம் என்று முடிவு செய்தோம். சில சமயம் சட்டப் பிரிவுக்கு அவ்வளவு பயன்தான் உண்டு, எதிரில் இருப்பவரை உட்கார்ந்து பேச வைக்கும்.

மும்பைக்காரர் பேசினார். குற்ற உணர்ச்சி இருந்தது என்று குரலிலேயே தெரிந்தது, அதைக் காசாக்கத்தான் கஷ்டமாக இருந்தது. கடைசியில் காலி செய்ய மூன்று மாதம் வாங்கினேன், அந்த மூன்று மாதத்துக்குக் கட்டணம் இல்லை. ஒன்றரை லட்சம் அட்வான்ஸில் ஒரு லட்சத்து 10 ஆயிரம் திரும்ப வந்தது. சுவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர என்று 40 ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இடிக்கப் போகிற சுவருக்கு எதற்குப் பழைய நிலை என்று கேட்டேன், பதில் இல்லை. சாமான் ஏற்றி இறக்கியது ஒரு 30 ஆயிரம். மேஸ்திரியைக் கூப்பிட்டு அடுப்பைப் பிரிக்கச் சொன்னபோது, "இதை நான் கட்டினதே பத்து வருஷத்துக்கு நிக்கும்னுதானம்மா" என்றார். முழுசாக வந்த செங்கல் ஒரு கூடைகூடத் தேறவில்லை.

உங்கள் கையில் இருக்கும் காகிதம் எந்த ரகம் என்று பார்க்க வக்கீலிடம் போவதற்கு முன்பே சில அடையாளங்கள் உண்டு. பணத்துக்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வாடகை என்றில்லாமல் லைசென்ஸ் கட்டணம், அனுபவக் கட்டணம், காம்பன்சேஷன் என்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உங்களை டெனன்ட் என்றும் லெஸ்ஸி என்றும் சொல்லாமல் லைசென்ஸி என்கிறார்களா? இடத்தின் சுவாதீனம் தொடர்ந்து சொந்தக்காரரிடமே இருக்கும் என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும், என்னுடையதில் நாலாம் பக்கத்தில் இருந்தது. ஒரு சாவி அவரிடம் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார் என்ற வரியும் அதே குடும்பம்தான். கால அளவு மூன்று வருஷம் என்று முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவிட்டு, ஒரு மாத நோட்டீஸில் ரத்து செய்யலாம் என்று பின்னால் எழுதியிருந்தால், உங்கள் காகிதத்துக்கு ஆயுள் ஒரு மாதம்தான். சொத்து விற்கப்பட்டால் என்ன என்று ஒரு வார்த்தைகூட இல்லையென்றால் அதை வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கும்போது அவர் முகம் போகிற போக்கிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

பதிவு விஷயத்தில் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 2017-ல் ஒரு வாடகைச் சட்டம் வந்து 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. வீடானாலும் கடையானாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்பதும் அதில்தான். இது ஒரு பதிவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் லீஸ் பத்திரத்தைப் பதிவது வேறு பதிவு. ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றும் ஆகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். இரண்டாவது பதிவில் இன்னொரு லாபம் உண்டு. லீஸ் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். சொத்து வாங்க வருகிறவர் முதலில் எடுத்துப் பார்ப்பது வில்லங்கம்தான். என் பங்களாவை வாங்கியவர் பார்த்த வில்லங்கத்தில் நான் இருக்கவே இல்லை. பதிவுச் செலவைத் தவிர்க்க 11 மாதம், 11 மாதம் என்று எழுதிக்கொண்டே போகிற பழக்கம் வீட்டுக்குச் சரி. கட்டில் பீரோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். தரையில் காசைக் கொட்டுகிற தொழிலுக்கு அது ஆகாது.

லைசென்ஸ் என்றாலே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. ஹோட்டல் அறையில் தங்குவது, ஹாஸ்டல், கல்யாண மண்டபம் எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான், அங்கே யாரும் ஏமாறுவதில்லை. ஏப்ரல், மே சீசனுக்கு மட்டும் ஒருவர் கடை முன்னால் மேஜை போட்டு வர்க்கியும் தைலமும் விற்க வேண்டுமா, லைசென்ஸ் போதும். சீசன் படுத்துவிட்டால் எழுந்து போகலாம், மீதி மாத வாடகை கேட்டு யாரும் துரத்த மாட்டார்கள். நான் ராத்திரியில் இரவல் அடுப்பில் போட்டேனே, அதற்குக் காகிதமே இல்லை, இருந்திருந்தால் அது லைசென்ஸ்தான். அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு நாளும் நஷ்டம் வந்ததில்லை, ஏனென்றால் அங்கே நான் எதையும் கட்டவில்லை.

இப்போது நான் இருப்பது அருவங்காடு பக்கம். பார்வைக்கு அவ்வளவு எடுப்பான இடமில்லை, ரோட்டிலிருந்து இறக்கம். சொந்தக்கார அம்மா பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். பதிவுக்கு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "எதுக்கும்மா ரெஜிஸ்டர் ஆபீசெல்லாம், என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று வருத்தப்பட்டார். உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது, உங்களிடமிருந்து வாங்கப் போகிறவர் யார் என்று தெரியாதே என்றேன். அதற்கு அப்புறம் மறுக்கவில்லை. ஐந்து வருஷம் கேட்டேன், மூன்றுக்குத்தான் இறங்கி வந்தார். பதிவுச் செலவு முழுக்க என்னுடையது. ஷரத்து எழுதும்போது அடுப்புக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி போடச் சொன்னேன். கட்டுவதற்குச் சம்மதம் என்று எழுத்தில் ஒரு வரி, காலி செய்யும்போது பிரித்து எடுப்பதா விட்டுப்போவதா என்று ஒரு வரி, விட்டுப்போனால் எவ்வளவு என்று ஒரு தொகை. அந்தத் தொகையில் அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் இழுபறிதான். அவர் 50 ஆயிரத்தில் நிற்கிறார், நான் 80-ல் நிற்கிறேன். அது முடிகிறவரை மேஸ்திரிக்கு நாள் சொல்லவில்லை, காஸ் அடுப்பில்தான் வர்க்கி போட்டுக்கொண்டிருக்கிறேன்.